விளையாட்டுப் போரும் உயிர்களின் கணக்கும்



இங்கிலாந்து தேசத்தின் தென்கரைக்குச் சமீபமாக ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் பேட்டில். அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்குப் போர் என்றே பொருள். 1066-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதி, ஒரு சனிக்கிழமையன்று, அங்கே நடந்த யுத்தத்தினால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. சில மைல் தூரத்திலுள்ள கடற்கரைப் பட்டணத்தின் பெயரைக் கொண்டு உலகம் அதை ஹேஸ்டிங்ஸ் யுத்தம் என்று அழைக்கிறது.

அக்டோபர் மாத நடுவில், ஒரு சனி ஞாயிறைத் தெரிந்துகொண்டு, அந்த யுத்தத்தை அதே நிலத்தில் நடித்துக் காட்டுவது அங்கே வழக்கம். நூற்றுக்கணக்கானோர் போர்வீரர் வேடம் பூண்டு வருகிறார்கள். பெரிய ஆண்டு நிறைவுகளில் அந்தத் தொகை ஆயிரத்தையும் தாண்டியிருக்கிறது. அவர்களெல்லாம் கூலிக்கு நடிப்பவர்களல்லர். ஆசிரியர், தச்சர், குமாஸ்தா என்று பலதரப்பட்ட தொழிலுள்ளவர்கள். பழைய காலத்துச் சட்டையைக் கையால் தைத்து, இரும்பு வளையங்களைக் கோத்த கவசம் அணிந்து, கூடாரத்தில் தங்கி, விறகடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, அந்தக் காலத்தை வாழ்ந்து பார்க்க விரும்பி வருகிறவர்கள்.

அந்த வேடிக்கையைப் பார்க்க ஒரு குடும்பம் போகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார், தாயார், பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரித்துப் புல்தரையில் உட்காருகிறார்கள். குதிரைகள் போகின்றன. ஒலிபெருக்கியில் ஒருவர் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறார். மேட்டின்மேல் ஆங்கிலேயர் கேடயத்தோடு கேடயம் சேர்த்து மதில்போல் நிற்கிறார்கள். கீழேயிருந்து நார்மானியர் ஏறி வருகிறார்கள். அம்புகள் பறக்கின்றன. கேடயத்தில் கோடரி மோதும் சத்தம் வயல் முழுதும் கேட்கிறது. பையன் எழுந்து நின்று ஆரவாரம் செய்கிறான். வீரர்கள் ஒவ்வொருவராய்ச் சாய்கிறார்கள். கடைசியில் ஆங்கிலேய அரசனும் விழுகிறான்.

பிறகு என்ன நடக்கிறது? ஒலிபெருக்கி ஜனங்களுக்கு நன்றி சொல்லுகிறது. புல்லின்மேல் கிடந்த பிரேதங்களெல்லாம் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கை அசைத்துச் சிரிக்கின்றன. வெட்டினவன் வெட்டுண்டவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அப்பொழுது அந்தச் சிறு பெண் கேட்கிறாள்: “அப்பா, நிஜமாகச் சண்டை நடந்த அன்றைக்கும் இப்படித்தான் எழுந்துகொண்டார்களா?”

“இல்லையம்மா, அது வேறே,” என்று சொல்லித் தகப்பனார் தேநீர்க் கடையைத் தேடிப் போகிறார். பையனுக்கு ஒரு மரவாள் வாங்கிக் கொடுக்கிறார். பொழுது சாய்வதற்குள் வீடு சேருகிறார்கள். நல்ல நாள்தான். ஆனால் குழந்தையின் கேள்வி அந்த வயலிலேயே கிடக்கிறது. அதை எடுத்து நாம் கொஞ்சம் யோசிப்போம், வாசகரே. மனிதர் மெய்யாகவே செத்த இடத்தில் சாவை விளையாட்டாக நடிக்கலாமா? அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரசிக்கலாமா?

இதற்குச் சட்டென்று சொல்லக்கூடிய பதில்கள் இரண்டு உண்டு. முதலாவது, “கூடவே கூடாது, இது மரித்தவர்களை அவமதிப்பது” என்பது. இப்படிச் சொல்பவர் அந்த வீரர்களின் கூடாரங்களுக்குள் சென்று பார்த்தவரல்லர். அவர்கள் வாளின் முனையை மழுக்கி, ஈட்டியின் நுனியை உருட்டி, எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கலாகாது என்று மாதக்கணக்காய்ப் பழகி வருகிறார்கள். பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட இரும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடி ஏறினவனுக்கு, சரித்திரப் புத்தகம் சொல்லாத ஒன்று தெரிகிறது: அன்று செத்தவன் களைத்துச் செத்தான் என்பது. அவன் அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். மேலும் நாடகம் பொய்யாகாது. பார்ப்பவர் எவரும் ஏமாற்றப்படுவதில்லையே. பாவமில்லாத ஒன்றைப் பாவமென்று சொல்லி எளிய ஜனங்களின் மனச்சாட்சியைப் பாரமாக்குவதும் நல்லதன்று.

இரண்டாவது பதில், “அது தொள்ளாயிரம் வருஷத்துக் கதை ஐயா, இனி அதில் என்ன இருக்கிறது?” என்பது. நம்மில் அநேகருக்கு இதுவே போதுமானதாகத் தோன்றும். ஆனாலும் இதைத்தான் கவனமாய்ச் சோதித்துப் பார்க்கவேண்டும். ஒரு சாவு விளையாட்டாவதற்கு எத்தனை வருஷம் செல்லவேண்டும்? 1916-இல் பிரான்சு தேசத்தில் சோம் நதிக்கரையில் நடந்த யுத்தத்தில், முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதைப் பலகாரம் தின்றுகொண்டே பார்க்க நம் மனம் ஒப்புமா? கொஞ்சம் கூசும். இரண்டாம் உலக யுத்தத்தை நடித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த யுத்தத்தில் தகப்பனை இழந்த ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நம் கைதட்டல் பாதியில் நின்றுவிடும்.

அப்படியானால் 1066-க்கும் 1916-க்கும் என்ன வித்தியாசம்? செத்தவன் இரண்டிலும் ஒரேவிதமாய்ச் செத்தான். வலி ஒன்றே, மண்ணும் ஒன்றே. அழுகிறவர்கள் இல்லாமற் போனதே வித்தியாசம். ஹேஸ்டிங்ஸ் வயலில் மாண்டவனுடைய தாயும் மாண்டுபோனாள். அவள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் மாண்டுபோனார்கள். நம்மைத் தடுக்க ஒருவருமில்லை. ஆகையால் நாம் கை தட்டுகிறோம். மரித்தவர் நமக்கு உத்தரவு தரவில்லை. அவர்களுக்காகப் பேச ஆளில்லாததை நாமே உத்தரவாக எடுத்துக்கொண்டோம். ஆளில்லாத வீட்டின் திறந்த கதவைக் கண்டு உள்ளே நுழைவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மரித்தவர் பக்கமாய்ப் பேச வேறு யாருமே இல்லையா? உண்டு, வாசகரே. அது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. அதைச் சொல்லுமுன் அன்று நடந்ததைச் சுருக்கமாய்ப் பார்ப்போம்.

1066 ஜனவரியில் இங்கிலாந்து அரசர் எட்வர்டு பிள்ளையில்லாமல் இறந்தார். ஹாரல்டு என்னும் பிரபு முடி சூட்டிக்கொண்டார். நார்மண்டி நாட்டுப் பிரபுவான வில்லியம், அந்த ராஜ்யம் தமக்கு வாக்களிக்கப்பட்டதென்று சொல்லிப் படை திரட்டினார். அதற்குள் நோர்வே அரசன் வடக்கே வந்து இறங்கினான். ஹாரல்டுடைய சொந்தத் தம்பி ஒருவனும் அவனோடு சேர்ந்திருந்தான். செப்டம்பர் 25-ந் தேதி யார்க் நகருக்கருகே ஹாரல்டு அவர்களை முறியடித்தார். அந்த அரசனும் தம்பியும் அங்கேயே மாண்டார்கள். மூன்று நாள் கழித்து வில்லியம் தென்கரையில் பெவன்ஸியில் இறங்கினார். ஹாரல்டு களைத்த படையோடு தெற்கே விரைந்து வந்தார். காலை ஒன்பது மணியளவில் தொடங்கிய யுத்தம் இருட்டும் வரைக்கும் நடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் 5,000 முதல் 7,000 பேர் வரை இருந்திருக்கலாம் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஹாரல்டும் அவருடைய சகோதரர் இருவரும் அந்த மேட்டில் உயிர் விட்டார்கள். அவர்களைத் தவிர அன்று மாண்டவர்களில் பெயர் தெரிந்தவர் மிகச் சிலரே.

இந்தச் சம்பவத்தை ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள துணியில் கம்பளி நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். பேயோ நகரத்துச் சித்திரத் துணி என்று பேர்பெற்றது அது. அதன் நடுப்பாகத்தில் அரசர்களும் குதிரைகளும் பெரியதாய்த் தெரிகின்றன. கீழே ஓரமாய் ஓடும் குறுகலான பட்டையைப் பார்த்தால், தலையற்ற உடல்கள் கிடக்கின்றன. செத்தவனுடைய கவசத்தைத் தலைவழியாய் ஒருவன் உரித்துக்கொண்டிருக்கிறான். ஜெயத்தைக் கொண்டாடும் துணியிலேயே அதைத் தைத்த கைகள் பிரேதங்களை விட்டுவிடவில்லை. ஓரத்திலாவது வைத்தார்கள்.

வில்லியம் ஜெயித்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாளில் முடி சூட்டிக்கொண்டார். அக்காலத்துப் பாப்பரசர் இரண்டாம் அலெக்சாந்தர் வில்லியமுடைய பக்கத்தை ஆதரித்தார். அவர் ஆசீர்வதித்த கொடியையும் அனுப்பினார் என்று வில்லியமிடம் குருவாயிருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே ஜெயித்த படையினர், “எங்கள் நியாயம் பெரியது, பாப்பரசரே எங்கள் பக்கம், இனி எங்களை யார் என்ன கேட்பது?” என்று இருந்திருக்கலாம்.

ஆனால் கேட்டார்கள். யுத்தம் முடிந்து நாலு வருஷத்துக்குள் நார்மண்டி மேற்றிராணிமார்கள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். பாப்பரசரின் ஸ்தானாதிபதியாய் வந்த சியோன் நகர மேற்றிராணியார் எர்மன்பிரீது அதை உறுதிப்படுத்தினார். அது ஜெயித்தவர்களுக்கு விதிக்கப்பட்ட தவம். அதன் சாரத்தைக் கேளுங்கள். அந்தப் பெரிய யுத்தத்தில் தான் ஒருவனைக் கொன்றேன் என்று அறிந்தவன், கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஒரு வருஷம் தவம் செய்யவேண்டும். காயப்படுத்தி, அவன் செத்தானோ பிழைத்தானோ என்று அறியாதவன், அடித்த ஒவ்வொருவனுக்கும் நாற்பது நாள். எத்தனை பேரைக் கொன்றேன், எத்தனை பேரை அடித்தேன் என்று தொகை தெரியாதவன், உயிருள்ளமட்டும் வாரத்தில் ஒரு நாள். அல்லது ஒரு கோவிலைக் கட்டியோ, என்றும் நிலைக்கும் தருமத்தை ஏற்படுத்தியோ அதை ஈடுசெய்யலாம். யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அடிக்க ஆசைப்பட்டவனுக்கு மூன்று நாள். வில்லாளிகளுக்குத் தனி ஏற்பாடு. தூரத்திலிருந்து எய்தவனுக்குத் தன் அம்பு எங்கே தைத்தது என்று தெரியாதல்லவா? அவர்கள் மூன்று தபசுகாலங்கள் தவம் செய்யவேண்டும். ஆதாயத்துக்காக மட்டும் சண்டைக்கு வந்தவனோ சாதாரணக் கொலைக்குரிய தவத்தையே ஏற்கவேண்டும்.

இதை ஒருமுறை நிதானமாய் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தோற்றவர்களைத் தண்டிக்க எழுதினதல்ல இது. ஜெயித்தவர்களுக்கு, அவர்கள் சொந்த மேற்றிராணிமார்களே, அவர்கள் யுத்தம் நியாயமானதென்று நம்பியிருந்தவர்களே விதித்தது. நியாயமான யுத்தமென்றால் கொன்றது பாவமில்லையே, பிறகு தவம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அந்த ஒழுங்கே பதில் வைத்திருக்கிறது. ஆதாயத்துக்காகக் கொன்றவனையும் அரசனுடைய அழைப்புக்குக் கீழ்ப்படிந்து கொன்றவனையும் அது ஒரே தராசில் வைக்கவில்லை. எல்லாரையும் கொலைபாதகன் என்று தள்ளிவிடவுமில்லை. ஆயினும் காரணம் எதுவாயிருந்தாலும், ஒரு மனிதனுடைய உயிர் உன் கையால் போயிற்று. அந்தக் கை அதை மறந்துவிட்டு நேரே சாப்பாட்டுக்குப் போகலாகாது என்கிறது. ஜெயகோஷத்தின் நடுவில் ஒருவர் வந்து, “எத்தனை பேர்? எண்ணிச் சொல்,” என்று கேட்பதுபோலிருக்கிறது. மரித்தவர் பக்கமாய்ப் பேசின குரல் என்று நான் சொன்னது இதைத்தான்.

உண்மையை மறைக்கக்கூடாது, வாசகரே. அந்தத் தவத்தை எத்தனை பேர் முறையாய்ச் செய்து முடித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பணமுள்ளவன் கோவிலைக் கட்டித் தப்பித்துக்கொள்ளவும் அதில் வழியிருந்தது. வில்லியம் தாமும் அந்த மேட்டிலே ஒரு பெரிய சந்நியாச மடத்தைக் கட்டத் தொடங்கினார். அதன் பிரதான பீடம் ஹாரல்டு விழுந்த இடத்திலே வைக்கப்பட்டதென்பது பாரம்பரியம். 1094-இல் அந்தக் கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. அதன் பாதுகாவலர் அர்ச். மார்த்தீன், ரோமைச் சேனையில் வீரராயிருந்து, பிச்சைக்காரனுக்குத் தமது போர்வையில் பாதியை வெட்டிக் கொடுத்து, பிறகு ஆயுதத்தையே விட்டுவிட்ட அர்ச்சியசிஷ்டவர். ஆனாலும் அதே வில்லியம் 1069, 1070-ஆம் வருஷங்களில் இங்கிலாந்தின் வடநாட்டைப் பாழாக்கினார். பயிரையும் ஆடுமாடுகளையும் எரித்தழித்து, எளிய ஜனங்களைப் பட்டினியால் சாகவிட்டார். அவரை மற்றக் காரியங்களில் புகழ்ந்து எழுதிய ஒரு சந்நியாசியே இந்தச் செயலைப் புகழ முடியாதென்று எழுதி வைத்தார். கல்லால் கட்டின பரிகாரம் கட்டினவனுடைய மனதை மாற்றாமலும் போகலாம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

என்றாலும் அந்தக் கணக்குப் பெரியதுதான். அதைக் கைக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள் என்பதால் அது பொய்யாகிவிடாது. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு வருஷம் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதினார். “எதிரிகள் பலர் மாண்டார்கள்” என்று மொத்தமாய் எழுதவில்லை.

இனி நம் குடும்பத்திடம் திரும்புவோம். அந்த மடம் 1538-இல் எட்டாம் ஹென்றி அரசரால் மூடப்பட்டது; கோவில் இடிக்கப்பட்டது. இன்று அங்கே இடிந்த சுவர்களும், பழைய பீடம் இருந்த இடத்தைக் காட்டும் ஒரு கல்லும் இருக்கின்றன. வேடிக்கை நடக்கும் புல்வெளியிலிருந்து அந்தக் கல்லுக்கு நடக்கும் தூரந்தான். ஆனால் மோட்டார் நிறுத்திய இடத்துக்கு அவசரமாய்ப் போகிறவர்கள் அதைப் பாராமலே போய்விடுவதுண்டு.

தகப்பனார் வேடிக்கைக்குப் போனது தப்பில்லை. மரவாள் வாங்கினதும் தப்பில்லை. குழந்தையின் கேள்விக்கு அரைப் பதில் சொல்லிவிட்டு நடந்ததே குறை. அவர் பிள்ளைகளை அந்தக் கல்லண்டை அழைத்துப்போய்ப் பத்து நிமிஷம் நிறுத்தியிருக்கலாம். பையனைப் பார்த்து, “நீ இன்றைக்கு எத்தனை பேர் விழுந்ததைப் பார்த்தாய்?” என்று கேட்டிருக்கலாம். “முப்பது, நாற்பது இருக்கும்” என்பான். “ஒவ்வொருவனுக்கும் ஒரு வருஷமென்றால், அவர்களை வீழ்த்தினவர்கள் எல்லாருமாய்ச் சேர்ந்து எத்தனை வருஷம் தவம் செய்யவேண்டும்?” என்று கேட்டிருக்கலாம். பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கணக்குத் தெரியும். அதன் பிறகும் அவன் மரவாளைச் சுழற்றுவான், சுழற்றட்டும். ஆனால் வாளுக்கு மறுமுனையில் ஒருவன் நிற்கிறான் என்பது அவன் மனதில் ஒரு மூலையில் இருக்கும்.

இது ஹேஸ்டிங்ஸ் வயலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய புத்தியல்ல, வாசகரே. அந்த வயலை ஒருநாளும் பாராத நாமும் நாள்தோறும் யுத்தம் பார்க்கிறோம். கையிலிருக்கும் தொலைபேசியில், சாப்பாட்டு நேரத்தில், தூரதேசத்து வீடுகள் இடிந்து விழுவதைப் பார்க்கிறோம். அடுத்த நிமிஷம் ஒரு பாட்டு. அதற்கடுத்து ஒரு விளம்பரம். நாடகம் பார்த்துப் பழகின கண், எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார்கள் என்று தன்னையறியாமல் எதிர்பார்க்கிறது. அவர்கள் எழுந்திருப்பதில்லை. அவர்களுக்காக அழுகிறவர்கள் இன்றைக்கே உயிரோடிருக்கிறார்கள். தொள்ளாயிரம் வருஷம் சென்றதென்ற சாக்கும் நமக்கில்லை.

அந்த வில்லாளியையும் நினைத்துப் பாருங்கள். “நான் யாரையும் கண்ணால் பார்த்துக் கொல்லவில்லை, எய்தேன், அவ்வளவுதான்” என்று அவன் சொல்லியிருப்பான். மேற்றிராணிமார்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அம்பு விழுந்த இடம் உனக்குத் தெரியாதென்பதால் அம்பு விழாமற் போகவில்லை என்றார்கள். நம்மிலே வாள் ஏந்தினவர் அநேகமாய் ஒருவருமில்லை. வில்லாளிகளோ அநேகர். அயலானைப்பற்றிக் காதில் விழுந்ததை மற்றொருவர் காதில் போட்டுவிட்டுப் போனோம். அது எந்த வீட்டில் போய்த் தைத்ததோ, எந்தப் பெண்ணின் கலியாணத்தை நிறுத்திற்றோ, நாம் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் என்ன செய்தேன்?” என்கிறோம். தெரியாத காயத்துக்கும் கணக்கு உண்டென்று அந்த மூன்று தபசுகாலங்கள் சொல்லுகின்றன.

ஆகையால் விளையாடுகிறவர்கள் விளையாடட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பிள்ளைகளோடு புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது கடவுள் நமக்குத் தந்த நல்ல சந்தோஷங்களில் ஒன்று. ஆனால் எழுந்து வருமுன் எண்ணிவிட்டு வாருங்கள். உங்களிடம் ஒரு குழந்தை, அன்றைக்கும் இப்படித்தான் எழுந்துகொண்டார்களா என்று கேட்டால், கடையைத் தேடிப் போகாதீர்கள். குனிந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டு, முழுப் பதிலையும் சொல்லுங்கள்:

“இல்லையம்மா. அன்றைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்களைக் கொன்றவர்களிடத்திலே, எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும்படி கேட்டார்கள். வா, அந்தக் கல்லைப் போய்ப் பார்ப்போம்.”